தட்டியவனுக்கு ஒரு பதில்



மேலப்பாளையத்தில் நான் பணியாற்றும் மதரஸாவின் மாடியில், கிதாபுகள் அடுக்கிய அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பழைய கணினி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. பின்புறம் இரண்டு கம்பிகள் மட்டும் செருகப்பட்டிருக்கும். ஒன்று வெளியிலிருந்து இணையத்தைக் கொண்டுவருகிறது. மற்றொன்று மாணவர்களின் பன்னிரண்டு கணினிகளுக்குச் செல்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த ஒரு பெட்டியைக் கடந்தே ஆக வேண்டும். அதற்குள் நான் எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. இதை ஃபயர்வால் என்பார்கள். தமிழில் தீச்சுவர் என்று எழுதுவோரும் உண்டு. அந்த விதிகளில் ஒன்றினால் என் மாணவன் ஒருவனுக்கு நான் இழைத்த தவறைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்களிடம் தங்கி ஓதும் பிள்ளைகள் ஆலிம் படிப்போடு பள்ளித் தேர்வுகளையும் எழுதுகிறார்கள். அதற்கு இணையம் தேவைப்பட்டது. இணைப்பு வந்த வாரத்திலேயே நிர்வாகத்திலும் பெற்றோரிடத்திலும் ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், வேண்டாததெல்லாம் பிளாக் பண்ணியாச்சா?" கணினியைப் பற்றி ஓரளவேனும் அறிந்தவன் நான் ஒருவனே என்பதால் பொறுப்பு என்மீது வந்தது. சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் என் அக்கா மகன் தொலைபேசியில் வழிகாட்ட, இஷாவுக்குப் பின் அமர்ந்து பல இரவுகள் கற்றேன்.

கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் செல்லும் எதுவும் சிறு சிறு பாக்கெட்டுகளாகவே செல்கிறது. ஒவ்வொன்றின் மேலும் அஞ்சல் உறையைப் போலச் சில விவரங்கள் இருக்கும்: எங்கிருந்து புறப்பட்டது, எங்கே செல்கிறது, அங்கே எந்த வாசலைத் தட்டுகிறது. அந்த வாசலுக்குப் போர்ட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, பூட்டிய இணையப் பக்கங்களுக்கு 443, பெயரைக் கொடுத்து எண் முகவரியைக் கேட்டறியும் டிஎன்எஸ்ஸுக்கு 53. ஃபயர்வால் இந்த உறையைப் படித்து, தன்னிடமுள்ள விதிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. முதலில் எந்த விதி பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. கீழே எத்தனை விதிகள் இருந்தாலும் அவை பார்க்கப்படுவதில்லை. எந்த விதியும் பொருந்தாவிட்டால் இறுதியாக ஒரு பொது விதி: ஒன்று, அனுமதி, அல்லது, மறுப்பு.

எங்கள் பெட்டியில் இருப்பது லினக்ஸ். அதில் இந்த வேலையைச் செய்யும் நெட்ஃபில்டர் என்ற அமைப்பை ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் 1998இல் தொடங்கினார். 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 பதிப்பில் அது இடம்பெற்றது. அதற்கு விதி எழுதும் கருவிக்கு ஐபிடேபிள்ஸ் என்று பெயர். ஃபயர்வாலின் தேவையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அதற்கும் முந்தியது. 1988 நவம்பர் 2ஆம் நாள் ஒரு மாணவர் வெளியிட்ட சிறு நிரல், கணினிக்குக் கணினி தானே தாவிப் பரவியது. அப்போது இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் பத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். ஓலைக்கூரை நெருங்கிய தெருவில் ஒரு வீட்டுத் தீ மறுவீட்டுக்குத் தாவுவது போன்றதே அது. 2017 மே 12ஆம் நாள் வான்னாக்ரை பரவியபோது 445ஆம் வாசலை வெளியுலகுக்குத் திறந்து வைத்திருந்த கணினிகள் எளிதில் சிக்கின. ஆகவே சுவர் தேவை என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை.

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய் எங்கள் ஊர் வழியாகவே செல்கிறது. கால்வாயிலிருந்து வயலுக்கு மடை. மடைக்கு ஒரு முறை, ஒரு நேரம், ஒரு பொறுப்பாளர். எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்ற ஒழுங்குதான் பாசனம். முன்மடைக்காரர் அடைத்துவிட்டால் கடைமடைக்காரருக்கு நீர் வராது. அந்த நேரத்தில் கடைமடையில் நிற்பவருக்கு ஒன்று மட்டும் தெரியாது: ஆற்றிலேயே நீரில்லையா, அல்லது மேலே யாரோ மடையை அடைத்துவிட்டார்களா? வறண்ட வாய்க்கால் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டும். இந்த ஒப்புமை எனக்கு முன்பே தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிழை நடந்த பின்னரே தோன்றியது.

தொடக்கத்தில் நான் செய்த பிழைகள் சிரிக்கத்தக்கவை. ஒருநாள் இரவு வீட்டிலிருந்தபடியே மதரஸாவின் பெட்டிக்குள் நுழைந்து, "எல்லாவற்றையும் மறு" என்ற பொது விதியை முதலில் இட்டேன். என்னை உள்ளே விடும் விதியை அடுத்து எழுதலாம் என்று எண்ணியிருந்தேன். பொது விதி இட்ட அந்த நொடியே என் இணைப்பும் அறுந்தது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே வைத்தவனைப் போல, இரவு பதினொரு மணிக்கு இருசக்கர வாகனத்தில் மதரஸாவுக்குச் சென்று திரையையும் விசைப்பலகையையும் பொருத்தித் திருத்தினேன். அனுமதிகளை முதலில் எழுது, அடைப்பதைக் கடைசியில் எழுது என்பது அன்று பெற்ற பாடம். புதிய விதிகளை இட்டபின் குறித்த நேரத்துக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும் வசதியும் உண்டு என்று அக்கா மகன் மறுநாள் சொன்னான். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பின்னர் செய்த பிழை சிரிக்கத்தக்கதன்று.

நிர்வாகத்தின் விருப்பப்படி மாணவர்களின் கணினிகளுக்கு மிகக் கடுமையான முறையைத் தேர்ந்தேன். பாடத்திற்குத் தேவையான சுமார் நாற்பது தளங்களின் பெயர்களை எழுதி அவற்றுக்கு மட்டும் அனுமதி. மற்ற அனைத்தும் அடைப்பு. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஓர் அறக்கட்டளையின் தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அன்று சோதித்தேன், திறந்தது. பெற்றோர் மகிழ்ந்தார்கள். எனக்கும் ஓர் அமானிதத்தை நிறைவேற்றிய நிம்மதி இருந்தது. ஏழு மாதங்கள் அந்த விதிகளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து ஓதும் மாணவன் ஒருவன். வாப்பா இல்லை, உம்மா பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறார். அந்த உதவித்தொகை கிடைத்தால் அவனுடைய ஓராண்டுக் கட்டணத்தின் பெரும்பகுதி நிறைவேறிவிடும். சான்றிதழ்களையெல்லாம் திரட்டி வைத்திருந்தான். கடைசித் தேதிக்கு முன்னதாக மூன்று இரவுகள், இஷாவுக்குப் பிந்தைய கணினி நேரத்தில் அமர்ந்து முயன்றிருக்கிறான். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்திருக்கிறது. மூன்றாம் இரவோடு தேதி முடிந்தது. நான்காம் நாள், வேறு ஏதோ பேச்சினிடையே, அவன் சொன்னான்.

"சைட்டுதான் ஸ்லோவா இருக்குன்னு நெனச்சேன் ஹஜ்ரத். எல்லாரும் ஒரே நேரத்துல போடுவாங்கல்லா, அதான்னு இருந்துட்டேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நம்ம பக்கம் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்" என்றான். அவன் முகத்தில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அதுவே என்னை மேலும் வருத்தியது.

அன்றிரவு பெட்டிக்குள் சென்று பார்த்தேன். ஐபிடேபிள்ஸில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து விதி எழுதினால், எழுதும் அந்தக் கணத்தில் டிஎன்எஸ்ஸிடம் கேட்டு, அப்பெயருக்குரிய எண் முகவரியை அது பெற்றுக்கொள்ளும். பிறகு நினைவில் வைத்திருப்பது அந்த எண்ணை மட்டுமே, பெயரை அன்று. இடையில் அந்த அறக்கட்டளை தன் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறது. பெயர் அதுவே, எண் வேறு. என் விதியோ பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு, குடிபெயர்ந்துபோனவரின் காலி வீட்டுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது. புதிய எண்ணை நோக்கிச் சென்ற பாக்கெட்டுகள் கடைசி விதிக்கு வந்து சேர்ந்தன. கடைசி விதி அவற்றை விழுங்கியது.

விழுங்கியது என்று தெரிந்தே சொல்கிறேன். மறுப்பதற்கு ஃபயர்வாலில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ரிஜெக்ட்: "இங்கே வழியில்லை" என்று கேட்டவருக்கே பதில் அனுப்புவது. மற்றொன்று ட்ராப்: ஒரு சொல்லும் இல்லாமல் பாக்கெட்டைக் குப்பையில் போடுவது. ரிஜெக்ட் என்றால் மறுப்பு நொடியில் திரையில் தெரிந்துவிடும். ட்ராப் என்றால், பாக்கெட் வழியில் தொலைந்ததோ என்று எண்ணிக் கேட்ட கணினி காத்திருக்கும், மீண்டும் அனுப்பும், இன்னும் அதிகம் காத்திருக்கும். லினக்ஸ் கணினி வழக்கமாக இப்படி ஆறு முறை மீண்டும் தட்டிப் பார்த்து, இரண்டு நிமிடங்களுக்கும் மேல் காத்திருந்த பிறகே கைவிடும். நான் எழுதியிருந்தது ட்ராப். பாதுகாப்பு நூல்கள் அதைத்தான் பரிந்துரைக்கின்றன என்று படித்திருந்தேன். வெளியிலிருந்து வாசல்களைத் துழாவும் அந்நியருக்கு மௌனமே தக்க பதில் என்ற பொருளில் அது சொல்லப்பட்டது. நானோ அதை என் வீட்டுப் பிள்ளைகளுக்கே எழுதிவைத்தேன்.

ரிஜெக்ட் என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் இரவின் முதல் நொடியிலேயே தளம் மறுக்கப்பட்டது அவனுக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் வந்திருப்பான். அல்லது மறுநாள் கடைவீதியிலுள்ள இ-சேவை மையத்துக்கு நடந்து சென்று விண்ணப்பித்திருப்பான். அடைத்தது மட்டும் என் பிழையன்று. அடைத்ததை மறைத்ததே அவனுடைய மூன்று நாள்களைத் தின்றது.

இன்னொன்றையும் அன்றிரவு கண்டேன். ஒவ்வொரு விதிக்கும் அருகில் ஓர் எண்ணிக்கை இருக்கும். அந்த விதியில் எத்தனை பாக்கெட்டுகள் சிக்கின என்பதைக் காட்டும். கடைசி விதியின் எண்ணிக்கை பெருகிக் கிடந்தது. யார் எதைப் பார்த்தார்கள் என்று அது சொல்லாது. யாரோ திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லும். நாளுக்கு ஒருமுறை அதைப் பார்த்திருந்தாலே போதும். நான் பார்க்கவில்லை.

உறக்கம் வராத அந்த இரவில் 2018ஆம் ஆண்டின் ரமளான் நினைவுக்கு வந்தது. மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச்சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்த அரசு உத்தரவிட்டது. நோன்பின் முதல் பத்து நாள்கள் அவை. எங்கள் தெருவில் வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்காத வீடுகள் குறைவு. நோன்பு திறந்தபின் மகனின் முகத்தைத் திரையில் காண்பது அவ்வீட்டு உம்மாமாருக்குப் பெருநாளின் பாதி. அந்த நாள்களில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. என் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தம் கைப்பேசி பழுதாகிவிட்டதென்று கடைக்குக் கொண்டுபோனார். அங்கே மகனுடைய கைப்பேசிதான் பழுது என்று எண்ணிய வேறு இருவரையும் கண்டதாகச் சொன்னார். ஆணை எங்கோ ஒரு தாளில் இருந்தது. சுழலும் வட்டத்தில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அப்போது நான் மிகக் கோபமாகப் பேசினேன். "அடைப்பதென்றால் அடைத்திருக்கிறோம் என்று சொல்லக்கூடாதா?" என்று ஜும்ஆவுக்குப் பின் நின்றவர்களிடமெல்லாம் கேட்டேன். இப்போது என் மாடியில் இருந்த பெட்டி அதே வேலையைப் பன்னிரண்டு கணினிகளுக்குச் செய்திருந்தது. ஆணையிட்டவனும் நான், அதை மறந்தவனும் நான். இரண்டின் அளவும் நோக்கமும் வேறு என்று என்னையே ஆறுதல்படுத்திக்கொள்ள முயன்றேன். அந்த மாணவனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒழுக்கங்களில் இஸ்திஃதான் ஒன்று. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல், ஸலாம் சொல்லாமல் நுழையக்கூடாது என்பதைச் சூரா அந்நூரின் 27ஆம் வசனம் கற்பிக்கிறது. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்று அடுத்த வசனம் கற்பிக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸ். இவற்றை எத்தனையோ ஆண்டுகளாகத் தட்டுபவரின் கடமையாகவே விளக்கி வந்திருக்கிறேன். இம்முறை அந்த வசனத்தை வாசலுக்கு உள்ளே நிற்பவனாக இருந்து படித்தேன். திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்வதற்கு வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. அவர் அப்படிச் சொல்வது தட்டியவருக்கு அவமதிப்பும் அன்று. என் பெட்டி அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. இது மார்க்கத் தீர்ப்பன்று. ஓர் ஆசிரியன் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பாடம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு நிர்வாகத்தினரும் மூத்த மாணவர்களும் சேர்ந்து மஷூரா செய்தோம். அதற்குமுன் ஒரு தீர்ப்பைப் படித்திருந்தேன். காஷ்மீரில் இணையம் நிறுத்தப்பட்டது தொடர்பாக அனுராதா பசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10ஆம் நாள் வழங்கியது அது. இணையத்தை நிறுத்தும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையறையின்றி நீடிக்கக்கூடாது, தேவைக்கு மிஞ்சியதாக இருக்கக்கூடாது, குறித்த இடைவெளியில் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்பன அதில் கூறப்பட்டவை. அரசுகளுக்குச் சொல்லப்பட்ட அந்த நான்கும் ஒரு மதரஸாவின் மாடிப் பெட்டிக்கும் பொருந்துவதைக் கண்டேன்.

அதன்படி மாற்றினோம். எவை திறந்திருக்கும், எவை அடைக்கப்பட்டிருக்கும் என்பதை எளிய தமிழில் எழுதிக் கணினி அறையின் சுவரில் ஒட்டினோம். உள்ளிருந்து செல்பவற்றுக்கு ட்ராப்பை எடுத்துவிட்டு ரிஜெக்ட் இட்டேன். வெளியிலிருந்து துழாவுவோருக்கு மட்டும் ட்ராப் தொடர்கிறது. பெயரை ஒருமுறை கேட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு முறை பெயர் கேட்கப்படும்போதும் கிடைக்கும் புதிய எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளைப் பொருத்தினேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டு மாணவர்கள் என்னோடு அமர்ந்து பட்டியலிலுள்ள ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்க்கிறார்கள். இன்ன தளம் வேண்டும் என்று கேட்க ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். மறுத்தால் காரணத்தை அதிலேயே எழுதவேண்டியது என் பொறுப்பு.

மஷூராவில் ஒருவர், எந்தப் பிள்ளை எந்தத் தளத்தைப் பார்க்கிறான் என்ற பதிவையும் எடுத்துவைக்கலாமே என்றார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும் இசையவில்லை. பூட்டிய இணையப் பக்கங்களின் உள்ளடக்கத்தை ஃபயர்வாலால் படிக்க இயலாது. உறையை மட்டுமே காண முடியும். உறைகளை மட்டும் சேர்த்துவைத்தாலும், ஒரு பிள்ளை எந்த நோயைப் பற்றித் தேடினான், எந்தத் துயரத்தைப் பற்றிப் படித்தான் என்பது தெரிந்துவிடும். பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர்கள் என்று சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுப்பது நினைவிருக்கட்டும் என்றேன். எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம் என்று முடிவாயிற்று. மடையில் எவ்வளவு நீர் போகிறது என்று பார்ப்பவர், யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்கத் தேவையில்லை.

பெற்றோரிடம் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் பிளாக் செய்தாயிற்றா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்பதே நேர்மையான பதில். விடுமுறைக்கு வரும் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. அதன் இணையம் என் பெட்டியின் வழியாக வருவதில்லை. பார்வையைத் தாழ்த்துவது பிள்ளையின் உள்ளத்தில் நடக்க வேண்டிய செயல். சுவர் அதற்குச் சிறிது காலம் துணை நிற்கும். அதற்குப் பதிலாக நிற்காது.

அந்த மாணவனின் உம்மாவைக் காண நானே சென்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மடியிலிருந்த முறத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபயர்வால் என்ற சொல்லை நான் எத்தனை முறை விளக்கியும் அது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அடுத்த வருசம் போட்டா கெடைக்குமா ஹஜ்ரத்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

அவ்வாண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஆசிரியர்கள் நாங்கள் ஏற்றுக்கொண்டோம். மீதியை அவர் கடன் வாங்கிக் கட்டினார். அந்தக் கடனில் என் பங்கு இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. இவ்வாண்டு விண்ணப்பத்தை அவன் அதே கணினியிலிருந்து, கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள்கள் முன்னதாகவே அனுப்பினான். நான் அருகில் அமர்ந்திருந்தேன். முடிவு இன்னும் வரவில்லை.

வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ இணையத்துக்கு வாசல் காக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், இன்றிரவு ஒருமுறை உங்கள் விதிகளைத் திறந்து பாருங்கள். எதை அடைத்தீர்கள் என்பதோடு, அடைத்ததை யாருக்குச் சொன்னீர்கள் என்பதையும் பாருங்கள். அந்தப் பிள்ளைக்காகவும் அவன் உம்மாவுக்காகவும் உங்கள் துஆக்களில் இடம் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.